கடலுக்குக் கிட்ட மணல் வளவு, கச்சான் காத்துக்குத் தாக்குப்பிடிக்கிற பூக்கண்டு எது?

கல்லடி வளவு:
எல்லாருக்கும் வணக்கம். எங்கட புது வீடு மட்டக்களப்பு கல்லடியில, கடற்கரைக்கு நடந்தா அஞ்சு நிமிசம்தான். 10 பேர்ச் காணி, வீடு போக முன்னால ஒரு சின்னத் துண்டும் மேற்குப் பக்கத்து மதிலோட ஒடுக்கமா ஒரு துண்டும் மிஞ்சியிரிக்கி. முழுக்க மணல், கிண்டினாச் சிப்பித் துண்டு வருது. போன வருசம் நுவரெலியா போய் வரக்குள்ள ஆசையில நாலு ரோஸ் கண்டும் ஹைட்ரேஞ்சியாவும் வாங்கி வந்த, கச்சான் (மேற்கால அடிக்கிற வெக்கைக் காத்து) தொடங்கி ஒரு மாசத்துக்குள்ள எல்லாம் கருகிப் போச்சு. மறுகா இஞ்ச நேர்சரியில ஆறு எக்ஸோரா வாங்கி வெச்ச, அது சாகல்ல ஆனா புது இல எல்லாம் மஞ்சளாத்தான் வருது, நரம்பு மட்டும் பச்சையா நிக்கிது, யூரியா போட்டும் மாறல்ல. கிணத்துத் தண்ணியும் ஜூலை தாண்டினாச் சவர் அடிக்கிற. இவர் சொல்றார் மதில் முழுக்க அலரிய வெச்சிட்டா ஒரு தொல்லையும் இல்ல எண்டு, எங்கட அம்மா வேணவே வேணாம் எண்டு நிக்கிறா, வீட்டுல மூண்டு வயசுப் புள்ள. றோட்டால ஆடும் வரும். என்ன வெக்கலாம், எப்ப வெக்கலாம்? அனுபவம் உள்ள ஆக்கள் சொல்லுங்க.

அக்கரைப்பற்று நானா:
தங்கச்சி, நான் வீட்டோட பூக்கண்டு போட்டு விக்கிறவன், இந்தக் கேள்வி வருசா வருசம் ஆடி மாசம் கேட்கிற கேள்வி. முதல்ல ரோஸ விடுங்க, அது குளிருல வளந்த கண்டு, மலையில இருந்து நேரா இந்த வெக்கைக்கு வந்தா என்ன செய்யும். ஹைட்ரேஞ்சியாவும் அப்படித்தான், காசுக்கு மோசம்.

எக்ஸோராக்கு நீங்க சொன்ன அடையாளம் இரும்புச் சத்து எடுக்க ஏலாமப் போன அடையாளம். யூரியா குறைஞ்சா பழைய இலதான் முதல்ல மஞ்சளாகும், இஞ்ச புது இல மஞ்சள், நரம்பு பச்ச, அதால யூரியா போட்டு வேல இல்ல. எக்ஸோரா எண்டுறது நம்மட நாட்டு வெட்சி, புளிப்புத் தன்மையான மண்ணுல நிக்கிற மரம். உங்கட மண்ணுல இரிக்கிற சிப்பி சுண்ணாம்புதானே, அந்தச் சுண்ணாம்பு இரும்பக் கட்டிப் போட்டிடும், மண்ணுல இரும்பு இருந்தாலும் வேரால இழுக்க ஏலாது. வீடு கட்டக்குள்ள சீமெந்துக் கழிவ மதிலடியில கொட்டியிருந்தா இன்னும் மோசம். ஆணியப் புதைக்கச் சொல்லுவாங்க, இந்த மண்ணுல அது கரையாது. கீலேட் இரும்பு (கண்டு எடுக்கக்கூடிய மாதிரிச் செஞ்ச இரும்புச் சத்து) எண்டு கேட்டு வாங்கி இலையில அடிங்க, பைக்கட்டுல எழுதியிரிக்கிற அளவு மட்டும். ஆனா நிரந்தரமான வழி எண்டா அந்த ஆறையும் கிளப்பிப் பெரிய சாடியில வெக்கிறதுதான். வயல் மண், நல்லாக் காஞ்ச சாணி, தும்புத் தூள் கலந்து வைங்க, மாரியில பிடிச்ச மழத் தண்ணிய ஊத்துங்க.

மண்ணுல வெக்கிறதுக்கு நான் கையடிச்சுச் சொல்றது போகன்வில்லா. சவரும் தாங்கும், காத்தும் தாங்கும், வேர் பிடிச்ச பிறகு தண்ணி குறையக் குறையத்தான் பூக்கும். நம்ம பூ எண்டு சொல்றது உண்மையில நிறம் பிடிச்ச இல, நடுவுல இரிக்கிற வெள்ளையாச் சின்னதுதான் பூ. நிறையத் தண்ணியும் பசளையும் போட்டா இலதான் தள்ளும், பிறகு வந்து பூக்கல்ல எண்டு என்னோட சண்ட பிடிப்பாங்க. நடக்குள்ள பையக் கிழிச்சு மண் கட்டி உடையாம இறக்குங்க, வேர் அசைஞ்சா அதுக்குப் பிடிக்காது. முள்ளு இரிக்கி, அதால புள்ள நடக்கிற பாதையோரம் வேணாம், மேற்கு மதில் மூலைக்கு விடுங்க.

களுவாஞ்சிகுடி டீச்சர்:
மகள், உங்கட அம்மா சொல்றதுதான் சரி, அலரி வைக்காதீங்க. நம்மட ஆக்கள் அலரி எண்டு மூண்டு மரத்தச் சொல்ற, அதுலதான் குழப்பமே. கோயில்ல தடிச்ச கிளையோட நிக்கிற, கொழும்பில அலரி மாளிகைக்குப் பேர் வந்த அந்த மரம் ஒண்டு. ஒடுக்கமான இலையோட சிவப்பும் ரோசாவுமாப் பூக்கிற செவ்வலரி ஒண்டு. மணி மாதிரி மஞ்சளாப் பூத்துப் பச்சக் காய் காய்க்கிற மஞ்சள் அலரி ஒண்டு. கடைசி ரெண்டும் நெஞ்சத் தாக்கிற நஞ்சு, இல, பட்ட, விதை எல்லாமே. மஞ்சள் அலரிக் காயால இந்த நாட்டுல எத்தின உசிர் போயிரிக்கி எண்டு ஆஸ்பத்திரியில வேல செய்ற ஆக்களக் கேட்டாச் சொல்லுவாங்க. மூண்டு வயசுப் புள்ள உருண்டையாக் கிடக்கிற எதையும் எடுத்து வாயில போடும். செவ்வலரி சவருக்கும் வெயிலுக்கும் நிக்கும் எண்டது உண்மதான், ஆனா வெட்டின கொப்பக் குப்பையோட எரிச்சாப் புகையும் கூடாது, காஞ்ச இல புல்லோட கலந்து மாடு திண்டாலும் கூடாது.

இன்னொண்டும் சொல்றன். இப்ப எல்லாரும் விரும்பி வாங்கிற அடீனியம், கோயிலுக்கு ஆயிற நந்தியாவட்டை, பட்டிப்பூ எல்லாம் அலரிட குடும்பம்தான். அலரியப் போலப் பயப்படத் தேவையில்ல எண்டாலும் (அடீனியத்துக்கு நான் அப்படிச் சொல்ல மாட்டன், அதுட பாலும் கடும் நஞ்சு) புள்ள கொஞ்சம் பெரிசாகும் மட்டும் கைக்கு எட்டாத இடத்துல இருக்கட்டும்.

புள்ள இரிக்கிற வீட்டுக்கு என்ட மனசு சொல்றது செவ்வரத்தைதான் (செம்பருத்தி). 78 நவம்பர் சூறாவளியில எங்கட வளவுல தென்ன எல்லாம் சரிஞ்சு கிடந்த, அம்மா வெச்ச ஒத்தச் செவ்வரத்த அடியோட முறிஞ்சும் மறுகா வேரடியில துளிர்த்து வந்த, அதுட கம்புதான் இண்டைக்கும் என்ட வீட்டு வாசல்ல நிக்கிது. பெரிய பூப் பூக்கிற ஒட்டுக் கண்டு வாங்காதீங்க, பழைய சிவப்பு ஒத்த அடுக்கு, அக்கம் பக்கத்துல ஒரு கம்பு கேட்டு வெட்டி நட்டாப் போதும். வெயில் காலத்துல நுனியில வெள்ளையா மாவு மாதிரிப் பூச்சி பிடிக்கும், எறும்பு ஏறினா அது பிடிச்சிட்டு எண்டு அர்த்தம். அந்த நுனிய வெட்டி எரிச்சிட்டு, சவுக்காரத் தண்ணியும் வேப்பெண்ணெயும் பின்னேரத்துல அடிங்க.

படுவான்கரைப் பொடியன்:
அக்கா, செவ்வரத்தையும் போகன்வில்லாவும் ஆடு விடாது, அத யாரும் சொல்லல்ல. முதல் ரெண்டு வருசம் கம்பி வல அடிச்சுத்தான் ஆகணும். குரோட்டன ஆடு அவ்வளவா விரும்பாது, ஆனா மேற்குல கச்சான் நேரா அடிக்கிற இடத்துல இல கருகும், வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் காலம வெயில் படுற மாதிரி வெச்சா நிறம் நல்லா ஏறும். பால் உடுப்புல பட்டாக் கறை போகாது.

எங்கட பக்கம் களி மண், உங்கட பிரச்சினைக்கு நேரெதிர், மாரியில வேர் அழுகும். ஆனா பெரியம்மாட வீடு நாவலடியில, அதுவும் கடற்கரை மணல்தான், அங்க நான் வெச்சுக் குடுத்த முறை இது. ரெண்டடிக் குழி வெட்டி, அடியில தேங்காய்ப் பொச்சு மட்டைய, அதுட உள்குழிவுப் பக்கம் மேல பார்க்க, ரெண்டு அடுக்கா அடுக்கி, மேல காஞ்ச சாணியும் வயல் மண்ணும். மணல் தண்ணியப் பிடிக்காது, பொச்சு பிடிச்சு வெச்சிரிக்கும். கச்சான் காலத்துல தினமும் ஒரு கோப்ப ஊத்திறத விட ரெண்டு நாளைக்கு ஒருக்கா ஒரு வாளி ஊத்துங்க. சவர்த் தண்ணிய இலையில தெளிக்கவே கூடாது, அடியில மட்டும். மோட்டரப் போட்டு ஒரேயடியா இறைச்சீங்க எண்டாக் கிணறு இன்னும் சவராகும், மேல மிதக்கிற நல்ல தண்ணி முடிஞ்சா அடியில இரிக்கிற உப்புத் தண்ணிதானே ஏறும்.

நடுறதுக்கு ஒக்டோபர், முதல் மழ ரெண்டு மூண்டு விழுந்த பிறகு. மாரி முழுக்க வேர் இறங்கும், மண்ணுல தங்கின உப்பையும் மழ கழுவிப் போடும். இப்ப ஓகஸ்டுல நட்டா நீங்களும் கண்டும் சேந்து கஷ்டப்படுவீங்க.

கல்லடி வளவு:
எல்லாருக்கும் நன்றி. இவர் டீச்சர் எழுதினத வாசிச்சிட்டு அலரிக் கதைய விட்டிட்டார். எக்ஸோராவ நேத்துக் கிளப்பிச் சாடிக்கு மாத்தின, நானா சொன்ன மாதிரியே மதிலடியில சீமெந்துக் கட்டி கிடந்த, ஒரு வாளிக்கு மேல அள்ளின. போகன்வில்லா எத்தின அடிக்கு ஒண்டு வெக்கலாம்? மதில் முப்பதடி வரும்.

அக்கரைப்பற்று நானா:
நாலு போதும் தங்கச்சி, இடையில செவ்வரத்த ரெண்டு. போகன்வில்லாவப் பூ முடிஞ்ச பிறகு வெட்டுங்க, அடுத்த பூ புதுக் கொப்புலதான் வரும். ஒக்டோபர் மட்டும் பொறுங்க, பொச்சு மட்டைய இப்பவே சேக்கத் தொடங்குங்க.