ரொட்வைலரைத் தடை செய்யச் சொல்லும் மனுவில் கையெழுத்து வைக்கலாமா?

தலவாக்கலை_தம்பி:
டவுனில் ஒரு வீட்டு ரொட்வைலர் கேட் திறந்திருந்த நேரம் வெளியே பாய்ந்து, டியூஷன் முடிந்து வந்த பிள்ளையின் காலைக் கடித்துவிட்டது. பிள்ளைக்கு இப்போது பரவாயில்லை. ஆனால் ரொட்வைலர், பிட்புல், டோபர்மேன் எதையும் இங்கே வளர்க்கக் கூடாது என்று பிரதேச சபைக்கு மனு எழுதி, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயம் லயமாகக் கையெழுத்து வாங்குகிறார்கள். நாய்களுக்குத் தடுப்பூசி, கருத்தடை என்று ஓடித் திரிகிறவன் என்பதால் "நீ நாய் பக்கமா, பிள்ளை பக்கமா" என்று என்னைக் கேட்கிறார்கள். வெளிநாட்டில் இப்படிச் சட்டம் இருக்கிறதாமே, பலன் கிடைத்ததா?

பதுளைக்காரன்_லண்டன்:
தம்பி, இங்கே இங்கிலாந்தில் 1991இல் வந்த ஆபத்தான நாய்கள் சட்டத்தில் பிட்புல் டெரியர், ஜப்பானிய டோசா, டோகோ அர்ஜென்டினோ, பிலா பிரேசிலேரோ நான்கும்தான் தடை. உங்கள் ஊர் மனுவில் இருக்கிற ரொட்வைலரும் டோபர்மேனும் அதில் இல்லவே இல்லை! டிஎன்ஏ எல்லாம் பார்ப்பதில்லை, உடல்வாகை அளந்துதான் முடிவு செய்கிறார்கள், அதனால் யாரையும் கடிக்காத கலப்பு நாயும் மாட்டிக்கொள்ளும். நாய்க்கடியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் தொகை குறையவில்லை, கூடித்தான் போனது. அப்புறம் எக்ஸ்எல் புல்லி என்கிற பெரிய நாய் கடித்து ஆட்கள் செத்ததால் அதையும் சேர்த்தார்கள், 2024 பெப்ரவரி 1இலிருந்து விலக்குச் சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. சான்றிதழுக்குக் கருத்தடை, மைக்ரோசிப், காப்புறுதி வேண்டும், வெளியே வந்தால் சங்கிலியும் வாய்க்கூடும் கட்டாயம். நெதர்லாந்து தன் பிட்புல் தடையை 2008இல் கைவிட்டது, கடி குறையவில்லை என்றுதான். இந்தியாவிலும் 23 இனங்களைத் தடுக்கச் சொன்ன மத்திய அரசுக் கடிதத்தை 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

கொழுந்துக்கூடை:
சட்டமெல்லாம் நன்றாகத்தான் சொல்கிறீர்கள் அண்ணா. விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிற நாங்கள் பங்களா நாய்க்குப் பயந்து கையில் கம்போடுதான் நடக்கிறோம். லயத்து நாய் கடித்தால் ஊசியோடு போய்விடும், அந்த நாய் கடித்தால் சதையே போய்விடும், இரண்டும் ஒன்றா? நாய்ப் பிரியர்கள் "இனத்தில் குற்றமில்லை, வளர்ப்பில்தான்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறீர்கள். வளர்க்கத் தெரியாதவனை யார் பிடிப்பது?

நாவலப்பிட்டி_ஊசிக்காரர்:
தங்கச்சி கேட்பது நியாயம். ஆனால் லயத்து நாய்க்கடியையும் லேசாக விடாதீர்கள், விசர் நோய்க்கு (ரேபிஸ்) ஊர்நாய், சீமைநாய் எல்லாம் தெரியாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இனப் பட்டியல் போட்டால் என்ன நடக்கும் தெரியுமா? சபைக்காரர் வரும் முன்னே சொந்தக்காரன் நாயை மஸ்கெலியா பக்கம் இறக்கிவிட்டு வந்துவிடுவான். அப்புறம் அது அங்குள்ளவர்கள் தலைவலி. நாய்ப் பதிவுக்கான கட்டளைச் சட்டம் 1901இலிருந்தே இருக்கிறது, நம் பக்கம் யார் பதிகிறார்கள்? முதலில் அதை நடத்தச் சொல்லுங்கள். பகல் முழுக்கக் கூட்டில் அடைத்து ராத்திரி மட்டும் அவிழ்த்துவிடுகிற நாய்க்கு மனுஷர் என்றாலே எதிரிதான், எந்த இனமானாலும். மனுவில் பதிவு, வருஷாவருஷம் தடுப்பூசி, பூட்டிய கேட், வெளியே சங்கிலி, கடித்தால் வைத்தியச் செலவு சொந்தக்காரன் கையிலிருந்து என்று எழுதுங்கள், நானே கையெழுத்து வைக்கிறேன்.

தலவாக்கலை_தம்பி:
மனு எழுதிய அண்ணனிடம் பேசினேன். கேட், சங்கிலி, செலவு எல்லாம் சேர்க்கிறாராம், இனப் பெயர்களை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார். கொழுந்துக்கூடை அக்கா, உங்கள் பக்கம் கடிபட்டவர்கள் இருந்தால் எந்த நாய், கட்டியிருந்ததா, ஊசி போட்டதா என்று கேட்டுச் சொல்வீர்களா? அதையும் கையில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மறுபடி அவரிடம் போகிறேன்.