ஐந்து மணி நேரம்தானா? கௌடெங் வாழ்க்கையும் டர்பன் பாதையும்

சாட்ஸ்வர்த் பையன்:
நேற்று கடலோரம் அண்ணன் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கௌடெங்குக்குப் போனவர்கள் பணத்துக்காகப் போனவர்கள். டர்பன் ஐந்து மணி நேரம்தானே, மனசிருந்தால் வாராவாரம் வந்து பெற்றவர்களைப் பார்க்கலாம்" என்று எழுதியிருந்தார். நான் டர்பனில் சாட்ஸ்வர்த்தில் பிறந்தவன். கௌடெங்கில் மிட்ராண்டுக்கு வந்து 11 வருடம் ஆகிறது. வேலை இங்கேதான் கிடைத்தது. தென்னாப்பிரிக்காவின் ஒன்பது மாகாணங்களில் பரப்பில் மிகச் சின்னது கௌடெங், நாட்டு நிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்குதான். 2022 கணக்கெடுப்பில் அதற்குள் 1.51 கோடிப் பேர். அத்தனை பேரும் ஆசைக்கா நெருக்கிக்கொண்டு கிடக்கிறோம்? காலையில் என்1 சாலையில் வண்டி நகராமல் நிற்கும்போது ஏன் வந்தோம் என்று தோன்றும். அக்டோபரில் பிரிட்டோரியா தெருவெல்லாம் ஜகரண்டா ஊதாவாய் உதிர்ந்து கிடக்கும்போது இந்த இடத்தை விட்டுப் போகவும் மனசு வராது. ஆனால் அந்த ஐந்து மணி நேரக் கதையை மட்டும் சொல்லாதீர்கள்.

கடலோரம்:
தம்பி, கணக்குப் போடுங்கள். தூரம் சுமார் 570 கிலோமீட்டர். டர்பன் போகும் என்3 சாலையில் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். ஐந்து மணி நேரம்தான் வருகிறது. போன மாதம்கூட விடிகாலை மூன்று மணிக்கு டர்பன் பக்கம் இஸிபிங்கோவில் வண்டியை எடுத்தேன், எட்டு மணிக்கு ஜோபர்க், அதாவது கௌடெங்கின் ஜோகன்னஸ்பர்க்.

லெனேசியா அக்கா:
ஜோபர்க்கில் எங்கே? ஊர் எல்லையா, வீட்டு வாசலா? லெனேசியாவா, மிட்ராண்டா? அதைச் சொல்லாமல் எப்படி மணிக்கணக்கு பேசுகிறீர்கள்?

கடலோரம்:
ஜோபர்க் என்றால் ஜோபர்க். ஐந்து மணி நேரம்.

சாட்ஸ்வர்த் பையன்:
120 என்பது பலகையில் எழுதியிருக்கும் எண். டீ ஹூக், வில்கே, துகேலா, மூய் ரிவர், மரியான்ஹில் என்று ஐந்து டோல் கேட். வான் ரீனன் கணவாயில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகள் இருந்தால் பாதிவழியில் ஹாரிஸ்மித்தில் நிறுத்தாமல் போக முடியாது. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்பினால் ஏழு மணி நேரம், விடுமுறை என்றால் ஒன்பது. ஐந்து இல்லை அண்ணா.

மாரிட்ஸ்பர்க் தாத்தா:
பிள்ளைகளே, நீங்கள் ஐந்தா ஏழா என்று பேசுகிறீர்கள். எங்கள் காலத்தில் டர்பன் இருக்கும் நேட்டாலிலிருந்து ஜோபர்க் இருந்த டிரான்ஸ்வால் மாகாணத்துக்குப் போக இந்தியருக்கு அனுமதிச் சீட்டு வேண்டும். நடுவில், ஹாரிஸ்மித் இருக்கும் ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் இந்தியர் குடியிருக்கவே கூடாது என்று 1891இல் போட்ட சட்டம் 1980களின் பாதி வரைக்கும் இருந்தது. என் அப்பா ஹாரிஸ்மித் வழியாகப் போகும்போது பொழுது சாய்வதற்குள் தாண்டிவிட வேண்டும் என்று பதறுவார். 1913இல் காந்தியின் போராட்டத்தில் சீட்டு இல்லாமல் நேட்டால்-டிரான்ஸ்வால் எல்லையைக் கால்நடையாகக் கடந்தவர்களும் நம் ஜனங்கள்தான்.

லெனேசியா அக்கா:
நன்றாகச் சொன்னீர்கள் ஐயா. அந்தப் போராட்டத்தில் உயிரை விட்ட தில்லையாடி வள்ளியம்மை ஜோபர்க்கில் பிறந்த பெண். பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில்தான் அவள் கிடக்கிறாள். டர்பன்காரர்கள் என்னவோ தமிழ் அவர்களோடு கப்பலில் வந்து அங்கேயே நின்றுவிட்டது போலப் பேசுகிறார்கள். நாங்கள் பணத்துக்காக வந்தவர்கள் இல்லை, இங்கேயே பிறந்தவர்கள். ஜோபர்க் பேஜ்வியூவில் இருந்த என் பாட்டி வீட்டை நிறவெறி ஆட்சிக்காரர்கள் பிடுங்கி, 30 கிலோமீட்டருக்கு அப்பால் லெனேசியாவில் கொண்டுவந்து போட்டார்கள். ஜோபர்க் மெல்ரோஸ் முருகன் கோயிலுக்குத் தைப்பூசத்தன்று வந்து காவடிகளைப் பாருங்கள், அப்புறம் பேசுங்கள்.

கடலோரம்:
வள்ளியம்மை சிறை இருந்தது எங்கள் நேட்டாலின் மாரிட்ஸ்பர்க்கில். காய்ச்சல் வந்ததும் அங்கேதான். அவளை உங்கள் ஊர்ப் பெண் என்று மட்டும் சொல்ல வேண்டாம். சரி, மெல்ரோஸ் காவடி பற்றிப் பெருமை பேசுகிறீர்கள், ஈஸ்டருக்கு எங்கள் இஸிபிங்கோ மாரியம்மனிடம் ஏன் வருகிறீர்கள்? டிசம்பரில் உங்கள் கௌடெங் ஜிபி நம்பர் வண்டிகள் வந்து இறங்கினால் எங்கள் கடற்கரையில் கால் வைக்க இடமில்லை. வாலிகள், அதாவது டிரான்ஸ்வால்காரர்கள், வந்துவிட்டார்கள் என்று வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறோம். நெரிசல் பற்றி எங்களிடம் சொல்லாதீர்கள்.

லெனேசியா அக்கா:
வாலி என்று இன்னொரு முறை சொன்னால் நான் இங்கே எழுதவே மாட்டேன். டிரான்ஸ்வால் என்ற பெயரே போய் எத்தனை வருடம் ஆகிறது! 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் சாக்கடை கலந்து உங்கள் கடற்கரைகளையே மூடினார்களே, அதுவும் நாங்கள் வந்ததாலா?

கடலோரம்:
அந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள், அக்கா. டர்பனுக்கு வடக்கே டொங்காட்டில் மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை, என் தங்கை வாளி சுமந்தாள். அதைச் சண்டைக்கு எடுக்காதீர்கள்.

சென்டூரியன் புதியவன்:
நான் திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருடம். நெரிசல் என்கிறீர்கள், எனக்கு இங்கே தெருவில் நடக்கும் ஆளையே காணோம். எல்லாச் சுவருக்கு மேலும் மின்கம்பி. சாயங்காலம் நாலு மணிக்கு இடி, ஆலங்கட்டி. கூட்டம் எங்கே இருக்கிறது?

சாட்ஸ்வர்த் பையன்:
தம்பி, கூட்டம் சாலையில் இருக்கிறது. அண்ணனுக்கு ஒன்று சொல்கிறேன், கேட்கட்டும். 2024 செப்டம்பர் 20, வெள்ளி. மறுநாள் புரட்டாசி முதல் சனி, அம்மா வீட்டில் பூசை. வேலை முடிந்ததும் குடும்பத்தோடு கிளம்பினேன். ஹாரிஸ்மித் தாண்டியதும் பனி கொட்டியது. பாதை தெரியவில்லை, முன்னால் லாரி, பின்னால் லாரி. இரவு முழுக்க வண்டிக்குள். கண்ணாடியில் உள்பக்கமே பனி படிந்தது, மகள் விரலால் அதில் கோலம் போட்டாள். மனைவி கட்டிய புளிச்சோறு கல்லாக இறுகிப்போனது, அதைக் கையில் வைத்துச் சூடாக்கி ஊட்டினாள். பக்கத்து லாரி ஓட்டுநர் அடுப்பு வைத்திருந்தார், பிள்ளைகளுக்கு வெந்நீர் கொடுத்தார். சனி சாயங்காலம்தான் வண்டி அசைந்தது. ஞாயிறு விடியும்போது சாட்ஸ்வர்த். அம்மா இலையை எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள், ஓரமெல்லாம் காய்ந்து சுருண்டிருந்தது. உங்கள் ஐந்து மணி நேரத்தை அந்த இலைக்கு முன்னால் வந்து சொல்லுங்கள்.

கடலோரம்:
பனி பத்து வருடத்துக்கு ஒரு தடவை இப்படிக் கொட்டும். அதை வைத்துக் கணக்குப் போட முடியுமா? அம்மாவை நினைத்தால் எனக்கும் வருத்தம்தான். மற்ற வாரங்களில் ஐந்து மணி நேரம்தான்.

சாட்ஸ்வர்த் பையன்:
மற்ற வாரங்களிலும் ஏழு. அண்ணா, உங்கள் சொந்த மகன் ஜோபர்க் சாண்ட்டனில்தான் வேலை பார்க்கிறான் என்று நீங்களே தீபாவளிக்கு எழுதினீர்கள். அவன் வாராவாரம் வருகிறானா?

கடலோரம்:
என் மகனை இழுக்காதீர்கள். அவன் விமானத்தில் வருகிறான்.

லெனேசியா அக்கா:
விமானத்தில் வர அவனுக்குக் காசு எந்த மாகாணத்தில் கிடைக்கிறது?

மாரிட்ஸ்பர்க் தாத்தா:
வள்ளியம்மை பற்றிய பேச்சை விட்டுவிட்டீர்களே. மாரிட்ஸ்பர்க் சிறை பற்றி நான் இன்னும் எழுத வேண்டியிருக்கிறது.

கடலோரம்:
அப்புறம் எழுதுங்கள் ஐயா. வெள்ளிக்கிழமை நான் ஜோபர்க் வருகிறேன். மூன்று மணிக்குக் கிளம்பி எட்டு மணிக்குப் போட்டோ போடுகிறேன்.

சாட்ஸ்வர்த் பையன்:
போட்டோ வேண்டாம். மரியான்ஹில் டோல் சீட்டும் டீ ஹூக் டோல் சீட்டும் போடுங்கள், இரண்டிலும் நேரம் அடித்திருக்கும்.

கடலோரம்:
சீட்டு எதற்கு? 30 வருடமாக அந்தப் பாதையில் ஓட்டுகிறேன், என் சொல் போதாதா?