காய்ச்சலுக்குப் பிறகு காலில் ரத்தக்கட்டி: உங்கள் அனுபவம்?

பெரம்பூர்: போன மழைக்காலத்தில் தங்கைக்குக் கடும் காய்ச்சல், நெஞ்சுச்சளி. அது விட்டு எழுந்து நடமாடத் தொடங்கியபோது இடது கால் கொலுசு மட்டும் சதையில் பதிந்து, சுற்றினால் நகரவில்லை. கெண்டைக்கால் தொட்டாலே சுட்டது. "படுத்தே கிடந்தாளே, அதான்" என்றார் அம்மா. டாப்ளர் ஸ்கேனில் தொடை வரை ரத்தக்கட்டி.

தட்டணுக்களும் குறைந்திருந்தன. மழைக்காலச் சென்னையில் உடனே டெங்கு என்றுதான் நினைப்போம், ஆனால் டெங்கு நெகட்டிவ். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி போடுமுன், உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்கும் ஏபிடிடி சோதனையில் ரத்தம் உறைய அதிக நேரம் பிடித்தது. மெதுவாக உறையும் ரத்தத்தில் கட்டி எப்படி வரும்?

ஆன்டிபாஸ்போலிப்பிட் ஆன்டிபாடி, அதாவது நம் உடம்பையே தாக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம் இருந்தால் அப்படித்தான் என்றார் ரத்தநோய் மருத்துவர். சோதனைக் குழாயில் அது, ரத்தம் உறையத் தேவையான பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பைப் பிடித்து வைத்து உறைதலைத் தாமதமாக்கும். உடம்புக்குள்ளோ ரத்தக்குழாயின் உட்சுவரையும் தட்டணுக்களையும் தூண்டிவிட்டு உறைய வைக்கும். இவ்வளவு பொறுமையாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

இந்த ஆன்டிபாடியைக் கண்டுபிடிக்கும் சோதனைகளான லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் மூன்றும் பாசிட்டிவ். ஆனாலும் அவர் உடனே நோய்க்குப் பெயர் வைக்கவில்லை. தொற்றுக்குப் பிறகு இந்த ஆன்டிபாடி வந்துவிட்டுத் தானே மறைவதும் உண்டாம். குறைந்தது 12 வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தோம். அப்போதும் மூன்றும் பாசிட்டிவ், ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்தான் என்றார். ரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் மாத்திரை தொடர்கிறது.

தாம்பரம்: என் கணவருக்கு கோவிட் முடிந்து காலில் கட்டி வந்தது. ஆன்டிகார்டியோலிப்பின் மட்டும் லேசாகப் பாசிட்டிவ், 12 வாரம் கழித்து இல்லை. சில மாதத்தில் மருத்துவரே மாத்திரையை நிறுத்தினார். இந்த இரண்டாவது சோதனையைத் தயவுசெய்து யாரும் விட்டுவிடாதீர்கள். சோதனைக்கு ரத்தம் கொடுக்கும்போது என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று லேபில் சொல்லுங்கள். லூபஸ் சோதனையை அது குழப்பிவிடும். அக்கா, ரத்தம் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டாமென்று புது மாத்திரைக்கு மாறலாமே?

பெரம்பூர்: நாங்களும் கேட்டோம்மா. மூன்றும் பாசிட்டிவாக இருப்பவர்களுக்கு ரிவரோக்சபான் என்ற புது மாத்திரையைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், வார்ஃபரின் எடுத்தவர்களைவிட அடைப்புகள் அதிகம் வந்ததால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2018ல் வெளியானது. அதனால் வார்ஃபரின்தான், ரத்தம் எவ்வளவு மெதுவாக உறைகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2க்கும் 3க்கும் நடுவில். கீரையில் உள்ள வைட்டமின் கே வார்ஃபரினின் வேலையைக் குறைக்கும்; ஆனாலும் முருங்கைக்கீரையை விடவில்லை, வாராவாரம் ஒரே அளவு. காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் எழுதினால் மட்டும் ஐஎன்ஆர் சீக்கிரமே பார்க்கிறோம், சட்டென்று ஏறிவிடுகிறது.