டர்னரோட 'ப்ளூ ரிஜி': அந்த ஏரியில இருக்கறது வெறும் அமைதிதானா?

தூரிகை:
இங்கிலாந்து ஓவியர் டர்னர் 1842ல வரைஞ்ச 'ப்ளூ ரிஜி, சன்ரைஸ்' வாட்டர்கலர் பத்தி எழுதிட்டு இருக்கேன். ஸ்விட்சர்லாந்துல லூசெர்ன் ஏரி, அந்தாண்ட ரிஜி மலை, விடியப்போற நேரம். எங்க படிச்சாலும் 'அமைதி, பிரம்மாண்டம்'னு சொல்லி முடிச்சிடறாங்க, ஆனா எனக்கு அதைப் பாக்கறப்போ அமைதியே வரல, என்னமோ நடக்கப்போகுதுங்கற பரபரப்புதான் வருது. அப்போ அவருக்கு வயசு 67, அதனால அந்த நீலத்துக்கு முதுமை, மரணம்னு அர்த்தம் சொல்லலாமா?

கரையோரம்:
பரபரப்புன்னு சொன்னீங்களே, அதான் கரெக்ட். படத்தோட கீழ்ப்பக்கத்தை ஜூம் பண்ணிப் பாருங்க, நாய்ங்க தண்ணியில பாயுது, வாத்துங்க மிரண்டு பறக்குது. மேல மலை அசையாம நிக்குது, விடிவெள்ளி இன்னும் மறையல, சூரியன் மலைக்குப் பின்னாடிதான் இருக்கு, ஆனா கீழ தண்ணி ஏற்கெனவே கலைஞ்சாச்சு. அந்த நாய்களை மறைச்சுட்டுப் பாத்தா அழகான ஒரு மலைக்காட்சி, அவ்ளோதான். அதுங்க இருக்கறதாலதான் இந்த நிசப்தம் இன்னும் கொஞ்ச நேரம்தான்னு நமக்குப் புரியுது, மனசு பதறுது.

மலைநாடன்:
மரணம்லாம் வேணாங்க, ப்ளீஸ். வயசான ஆர்ட்டிஸ்ட், நீல கலர், உடனே சாவுன்னு எழுதறது ரொம்ப ஈஸி. மலை ஏன் நீலமா இருக்குன்னா ரிஜி லூசெர்ன் ஊருக்குக் கிழக்க இருக்கு, காலையில வெளிச்சம் அதுக்குப் பின்னாடி இருந்து வருது, நம்ம பக்கம் முழுக்க நிழல். அதே மலைய சாயங்காலம் வரைஞ்சிருக்காரு, 'ரெட் ரிஜி', அதுல மேற்க இறங்கற சூரியன் நேரா மலை மேல அடிக்குது, செவந்து கிடக்கு. 'டார்க் ரிஜி'ன்னு மூணாவது ஒண்ணும் உண்டு. மூணும் அதே 1842. ஒரே மலைய நேரம் மாத்தி மாத்திப் பாக்கணும்னு அவ்ளோ ஆசையா உக்காந்து வரைஞ்ச மனுஷன்கிட்ட எனக்குத் தெரியறது பசிதான், விடைபெறுதல் இல்ல. அதுவுமில்லாம மொதல்ல சாம்பிளுக்கு சின்ன மாதிரிப் படம் போட்டு, தாமஸ் கிரிஃபித்ங்கற டீலர் வழியா ஆர்டர் பிடிச்சு முடிச்ச படங்கள் இதெல்லாம்.

கரையோரம்:
ஆர்டருக்குப் போட்டதுன்னா அதுல ஃபீலிங் இருக்கக்கூடாதுன்னு இல்லையே. அந்த நீலத்தைப் பாருங்க, ஒரே அடியா பூசினது இல்ல, மெல்லிசா லேயர் மேல லேயரா ஏத்தியிருக்காரு, அதனாலதான் மலை பாறையா கனக்காம மூச்சு மாதிரி இருக்கு, ஏரி எங்க முடியுது மலை எங்க தொடங்குதுன்னே சட்டுனு சொல்ல முடியல. இந்த அளவு பொறுமை ஆர்டர் காசுக்காக மட்டும் வராது.

மலைநாடன்:
அதுல எனக்கும் மறுப்பு இல்ல. அவரோட வாழ்க்கைய விட்டுட்டு அவர் செஞ்ச வேலையப் பாருங்கன்றேன். இத்தனைக்கும் அந்தப் படம் 30க்கு 45 சென்டிமீட்டர்தான், மடியில வச்சுப் பாக்கற சைஸு.

தூரிகை:
ரெண்டு பேருக்கும் நன்றி. கிழக்கு மேற்கு விஷயத்தை நான் யோசிக்கவே இல்ல. மரணத்தை எடுத்துட்டு நாய்கள்ல இருந்தே ஆரம்பிக்கறேன். ரெட் ரிஜியையும் பக்கத்துல வச்சு எழுதலாம்னு இருக்கேன், அது இப்போ எங்க இருக்கு?

மலைநாடன்:
மெல்பர்ன்ல, நேஷனல் கேலரி ஆஃப் விக்டோரியா. ப்ளூ ரிஜி லண்டன்ல டேட் (Tate) மியூசியத்துல இருக்கு, வெளிநாடு போயிடக்கூடாதுன்னு ஜனங்களும் காசு போட்டு 2007ல வாங்கினாங்க. ரெண்டையும் ஸ்க்ரீன்ல ஒண்ணா திறந்து வச்சுட்டு எழுதுங்க.