புதுப்பிப்பு: மேடையில் கல்பனாஸ்வரம், ஒருவழியாக வாசித்தாயிற்று

மனப்பாடமில்லாமல் வயலினில் கல்பனாஸ்வரம் (மேடையிலேயே கற்பனையாக ஸ்வரங்களைக் கோத்து வாசிப்பது) போடுவது எப்படி என்று கோயில் கச்சேரிக்கு முன்னால் கேட்டிருந்தேனே, கச்சேரி நல்லபடியாக முடிந்தது. மோகன ராகம், ஆதி தாளம், எடுப்பு (பாட்டு தொடங்கும் இடம்) சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில். இந்த ராகத்தில் மத்யமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது, அதனால் கீழ்க்காலத்தில் (மெதுவான வேகத்தில்) காந்தாரத்தில் (க) நின்று நின்று வாசித்துவிட்டு, அப்புறம் மேல்காலம் (இரட்டை வேகம்). முடிப்புக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன்: ‘கபகரிச’ மூன்று முறை, நடுவில் இரண்டிரண்டு மாத்திரை கார்வை (இடைவெளி), ஆக 19, ஆவர்த்தனத்துக்கு (தாளத்தின் ஒரு முழுச் சுற்றுக்கு) 32 மாத்திரை என்பதால் 13 விட்டுப் பிடித்தால் சரியாகச் சமத்தில் விழும். அப்போது பத்துக் கோர்வை (முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்த முடிப்பு) உருப்போடச் சொன்னவர்கள் மன்னிக்கவும், அது எனக்கு ஒத்துவராது. மிருதங்கக்காரர் இரண்டாவது ‘கபகரிச’விலேயே புரிந்துகொண்டு கூடவே வந்து இறக்கிவிட்டார். முன்வரிசை மாமா ஒருவர் தாளத்தை அரை அட்சரம் தள்ளியே போட்டுக்கொண்டிருந்தார், அவர் பக்கம் பார்க்காமல் இருப்பதுதான் பெரும்பாடு. அடுத்து மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்), அதில் வாசித்தவர்கள் எப்படி என்று சொல்லுங்கள்.