நீல ஐசி பிரதர் கணக்கு வழியா இல்லத்துக்குப் பணம் அனுப்பலாமா?

கணக்கப்பிள்ளை | இரவு 9.02
பக்கத்து இழையில் நம் சிங்கப்பூர்ச் சபையின் ஈசூன்காரன் எழுதியதை அப்படியே ஒட்டுகிறேன் (நீல ஐசி என்பது சிங்கப்பூர் நிரந்தரவாசியின் அடையாள அட்டை; பேநவ் இங்கே கைப்பேசி எண்ணுக்கு உடனே பணம் போடும் வசதி, இந்தியாவில் அதுபோன்றது யுபிஐ): "நெல்லைப் பக்கம் இருக்கிற பிள்ளைங்க இல்லத்துக்கு டில்லி பேங்க் வழியா அனுப்பிக் காத்துக் கிடக்காதீங்க. நம்ம சபையில நீல ஐசி வெச்சிருக்கிற பிரதருக்கு எல்லாரும் பேநவ் பண்ணுங்க. அவர் யுபிஐல பாஸ்டர் நம்பருக்குத் தட்டிவிட்டா ஒரே நிமிஷம், பிள்ளைங்க கையில காசு."

இதற்குக் கீழே வரிசையாக ஆமென். ஆமென் போட்ட விரலால் சட்டத்தையும் கொஞ்சம் புரட்டியிருக்கலாம்.

வெளிநாட்டுக் குடிமக்களின் காசு இந்தியாவில் சமய, சமூக, கல்விப் பணிக்குப் போனால் அது வெளிநாட்டு நன்கொடை. வாங்குகிறவருக்கு எஃப்சிஆர்ஏ, அதாவது இந்தியாவின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், பதிவோ முன் அனுமதியோ இருக்கவேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் இறங்குகிற இடம் ஒன்றே ஒன்றுதான்: புதுடில்லி, 11 சன்சத் மார்க், எஸ்பிஐ முதன்மைக் கிளை. அங்கிருந்துதான் ஊர் வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம். பாஸ்டரின் சொந்தக் கணக்கு இந்த வழியில் எங்குமே வராது. மீறினால் 5 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். உள்ளே போவது இங்கே பேநவ் தட்டியவர் இல்லை. அந்தப் பாஸ்டர்.

ஈசூன்காரன் | இரவு 9.20
வந்துட்டாருய்யா. நீல ஐசின்னா இந்தியப் பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட்காரர் அனுப்புற காசு வெளிநாட்டு நன்கொடை இல்லன்னு இந்திய உள்துறை அமைச்சகமே கேள்வி-பதில்ல போட்டிருக்கு. நீங்க படிக்கலன்னா நான் என்ன பண்றது?

கணக்கப்பிள்ளை | இரவு 9.31
படித்திருக்கிறேன், பாதியில் நிறுத்தாமல். இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் இருந்துகொண்டு *தன் சொந்தச் சேமிப்பிலிருந்து*, வழக்கமான வங்கி வழியில் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சொந்தச் சேமிப்பு. பிங்க் ஐசிக்காரர்கள், அதாவது சிங்கப்பூர்க் குடிமக்கள், ஐம்பது ஐம்பது வெள்ளியாக (சிங்கப்பூர் டாலர்) அவர் கணக்கில் போட்ட காசு அவருடைய சேமிப்பா?

இன்னொன்று. நீல ஐசி என்றால் நிரந்தரவாசி, அவ்வளவுதான். மலேசியப் பாஸ்போர்ட்காரர்களிடமும் நீல ஐசி இருக்கிறது. பார்க்கவேண்டியது பாஸ்போர்ட்டை.

தேக்கா_அண்ணன் | இரவு 9.40
அப்ப பிங்க் ஐசிக்காரன் காசு மட்டும் தீட்டு? என்கிட்ட இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தர்ற ஓசிஐ கார்டு இருக்கு, வெளிநாட்டுல இருக்கிறவங்க இந்தியாவுல வெச்சுக்கிற என்ஆர்ஓ ரூபாய்க் கணக்கு சென்னையில இருக்கு. அதுலேருந்து ரூபாயாவே அனுப்புறேன். என்ன பண்ணுவீங்க?

கணக்கப்பிள்ளை | இரவு 9.48
நான் ஒன்றும் பண்ணமாட்டேன் அண்ணே. ஆனால் ஓசிஐ குடியுரிமை ஆகாது. உங்கள் குடியுரிமை சிங்கப்பூர், ஆகவே நீங்கள் வெளிநாட்டு மூலம். ரூபாயாகக் கொடுத்தாலும், என்ஆர்ஓவிலிருந்து கொடுத்தாலும், விமானம் ஏறிப்போய் உறையில் வைத்துக் கையில் கொடுத்தாலும் வெளிநாட்டு நன்கொடைதான். நாணயத்தையோ கணக்கின் பெயரையோ சட்டம் கேட்கவில்லை, கொடுப்பவர் யார் என்றுதான் கேட்கிறது.

நெல்லைச்சீமை | இரவு 9.55
ஊருல உள்ளவாளுக்கு இதெல்லாம் தெரியாதுன்னு நினைச்சுட்டு இங்கேருந்து வகுப்பு எடுக்காதீங்க வே. டோனாவூர்ல 1901லேயே பிள்ளைங்களை எடுத்து வளர்க்க ஆரம்பிச்சாச்சு. அப்ப எந்த எஃப்சிஆர்ஏ இருந்துச்சு?

கணக்கப்பிள்ளை | இரவு 10.01
அப்போது யுபிஐயும் இல்லை. இந்த இல்லத்தின் எஃப்சிஆர்ஏ பதிவு எண் என்ன? யாராவது போடுங்கள். உள்துறையின் தளத்தில் மாநிலம், மாவட்டம் வாரியாகப் பட்டியல் இருக்கிறது, நானே தேடிக்கொள்கிறேன்.

சிஸ்டர்_செங்காங் | இரவு 10.10
எஃப்சிஆர்ஏக்கு முன்னாடி கேட்கவேண்டியது வேற. இளைஞர் நீதிச் சட்டம் 2015, 41ஆம் பிரிவு: அரசு உதவி வாங்குனாலும் வாங்காட்டாலும் எல்லாப் பிள்ளைகள் இல்லமும் பதிவு செய்யணும். பதிவு இல்லாம நடத்தினா 42ஆம் பிரிவுல ஓராண்டு வரை சிறை, இல்ல ஒரு லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதம், இல்ல ரெண்டும். அனுமதிச்ச எண்ணிக்கை எத்தனை, இப்ப எத்தனை பிள்ளைங்க, ஒவ்வொரு பிள்ளைக்கும் குழந்தை நலக் குழுவோட உத்தரவு இருக்கான்னு கேளுங்க. புதுசா ஒரு பிள்ளையை எடுத்தா 24 மணி நேரத்துக்குள்ள குழு முன்னாடி நிறுத்தணும். "தாயே கொண்டுவந்து விட்டுட்டுப் போனாங்க"ன்னு சொல்லி அப்படியே வெச்சுக்க முடியாது.

அப்புறம் தயவுசெய்து சபைப் பலகையில ஒட்டியிருக்கிற பிள்ளைங்க படத்தை எடுங்க. பேர், வயசு, "அப்பா குடிச்சே செத்துட்டார்"னு கதை. 74ஆம் பிரிவுப்படி பராமரிப்புல இருக்கிற பிள்ளையோட அடையாளத்தை வெளியிடக்கூடாது.

ஈசூன்காரன் | இரவு 10.14
படம் இல்லாம எவன் சிஸ்டர் காசு போடுவான்?

அல்ஜூனிட்_வாசகன் | இரவு 10.17
ஒரு கேள்வி. இந்தப் பிள்ளைங்க எல்லாருக்கும் அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லையா? கம்போடியாவுல 2011ல எடுத்த ஆய்வுல, இல்லத்துல இருந்த பிள்ளைங்கள்ல ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்குப் பெத்தவங்கள்ல ஒருத்தராவது உயிரோட இருந்தாங்க. வறுமையும் பள்ளிக்கூடமும்தான் காரணம். இந்தியாவுல மிஷன் வாத்சல்யாங்கிற அரசுத் திட்டத்துல, குடும்பத்தோடயே இருக்கிற பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபாய் உதவித்தொகை தர்ற ஏற்பாடு இருக்கு. இல்லத்துக்கு அனுப்புறதுக்குப் பதிலா, அதை வாங்கித் தர உதவுற அமைப்பைப் பார்க்கலாமே?

தேக்கா_அண்ணன் | இரவு 10.19
யாராச்சும் 80:20 பத்திப் பேசுறீங்களா? சிங்கப்பூர்ல வசூல் பண்ணா 80 விழுக்காடு இங்கேயே இருக்கணும்லா. நூறு வெள்ளி போட்டா இருபதுதான் போகும். நீலமோ பிங்க்கோ, கதை அங்கேயே முடிஞ்சுது.

நெல்லைச்சீமை | இரவு 10.23
தப்பு. இருபதுங்கிறது நிர்வாகச் செலவு. இருபதுக்கு மேல சம்பளம் போகக்கூடாது. எண்பது பிள்ளைங்களுக்கு.

தேக்கா_அண்ணன் | இரவு 10.24
எண்பது சிங்கப்பூருக்கு!

நெல்லைச்சீமை | இரவு 10.24
எண்பது பிள்ளைங்களுக்கு வே!

கணக்கப்பிள்ளை | இரவு 10.41
இரண்டு நாட்டுச் சட்டத்தைக் கரைத்து ஒரே குவளையில் ஊற்றிக் குடிக்கிறீர்கள்.

தேக்கா அண்ணன் சொல்வது சிங்கப்பூர் விதி. வெளிநாட்டு அறப்பணிக்காகப் *பொதுமக்களிடம்* திரட்டினால் அறநிறுவன ஆணையரிடம் அனுமதி வாங்கவேண்டும், செலவு போக மிஞ்சுவதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே பயன்படவேண்டும். பொதுமக்களிடம் போகாமல் தனிப்பட்ட முறையில் திரட்டுவதற்கு அந்த 80:20ஐ ஆணையர் தளர்த்தலாம். அதைக் கேட்டு வாங்கவேண்டியது சபை. இதுவரை யாராவது கேட்டார்களா? அடுக்குமாடிப் புளோக்குக் கீழே மேசை போட்டு, டின் நீட்டி, ஃபேஸ்புக்கில் க்யூஆர் போட்டுவிட்டு "இது எங்கள் குடும்ப விஷயம்" என்று சொன்னால் எடுபடாது.

நெல்லைச்சீமை சொல்வது இந்திய விதி. வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு முன்பு 50 விழுக்காடு வரை இருந்தது, 2020இல் 20 ஆனது. அதுவும் எல்லாச் சம்பளமும் இல்லை: பள்ளி ஆசிரியர், மருத்துவமனை மருத்துவர் போல நேரடிப் பணியில் இருப்பவர்களின் சம்பளம் அந்த 20இல் சேராது. அலுவலக வாடகை, கணக்காளர், நிர்வாகிகளின் சம்பளம், வண்டி இதெல்லாம் சேரும். அதே திருத்தம் இன்னொன்றையும் செய்தது. பதிவுள்ள ஒரு பெரிய அறக்கட்டளை பணத்தை வாங்கிச் சின்ன இல்லங்களுக்குப் பிரித்துக் கொடுப்பது அடியோடு நின்றுபோனது. இப்போது "சென்னை மிஷன் வழியாக அனுப்புங்கள், அவர்கள் இங்கே தள்ளிவிடுவார்கள்" என்று யாராவது சொன்னால், அவர் 2020க்கு முந்தைய கதையைச் சொல்கிறார்.

வரிக்கழிவு கேட்டு எனக்குத் தனிமடல் போட்டவருக்கு: இல்லை. சிங்கப்பூரின் 250 விழுக்காடு கழிவு உள்ளூர் பொதுநல அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு. 2025இல் தொடங்கிய வெளிநாட்டு மனிதாபிமான உதவிக் கழிவு, பேரிடர் போன்ற அவசரங்களுக்காகக் குறிப்பிட்ட அறநிறுவனங்கள் திரட்டும்போது மட்டும். மாதாந்தர இல்லச் செலவு அதில் வராது.

ஈசூன்காரன் | இரவு 10.50
இவ்வளவு எழுதினீங்க, நீல ஐசிக்கு மட்டும் பதில் இல்ல. அவர் சம்பளத்துலேருந்து அவர் அனுப்புறார். நாங்க அவருக்குத் தனியா அன்பளிப்பு கொடுக்கிறோம். அன்பளிப்பு வாங்கினா அது அவர் காசு. அவர் காசு, அவர் சேமிப்பு. முடிஞ்சுது.

கணக்கப்பிள்ளை | இரவு 10.58
"இல்லத்துக்காக" என்று குறிப்பில் எழுதி அனுப்பிய அன்பளிப்பு. பேநவ் பட்டியலில் ஒரே வாரத்தில் அறுபது வரவு, மறுவாரம் அதே தொகை இந்தியாவுக்கு. பார்க்கிற எந்த வங்கி அதிகாரிக்கும் கண்ணாடி போடாமலே தெரியும். யாருடைய சேமிப்பு?

பேநவ்-யுபிஐ இணைப்பு 2023 பிப்ரவரியில் வந்தது ஆளுக்கு ஆள் அனுப்புவதற்கு. நாள் வரம்பு 1,000 வெள்ளி. அதற்கு மேல் போனால் துண்டு துண்டாகப் போடப் போகிறீர்களா? அது இன்னும் அழகாகத் தெரியும்.

நெல்லைச்சீமை | இரவு 11.05
பாஸ்டர் எனக்குச் சொந்தக்காரர்தான். சொந்தக்காரருக்கு வருசத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரைக்கும் தெரிவிக்காமலே அனுப்பலாம், 2022ல மாத்திட்டாங்க. இதுக்கு என்ன சொல்லுதீங்க?

கணக்கப்பிள்ளை | இரவு 11.12
சொந்தக்காரருக்கு அனுப்பலாம். அவர் வீட்டுக்குக் கூரை போடட்டும், மகளுக்குக் கல்யாணம் பண்ணட்டும். அந்த விலக்கு ஆளுக்கு, இல்லத்துக்கு இல்லை.

நேர்வழி எவ்வளவு சிரமம் என்கிறீர்கள்? இவ்வளவுதான். இல்லத்தின் பெயர் வேறு, பதிவான அறக்கட்டளையின் பெயர் வேறாக இருக்கும். சான்றிதழில் உள்ள பெயரை எழுத்துப் பிசகாமல் பெறுநராகப் போடவேண்டும். பாதிப் பணம் தேங்கி நிற்பது இந்த இடத்தில்தான். அந்த டில்லி எஸ்பிஐ கிளையின் குறியீடு 00691. நோக்கக் குறியீடு பி1303, அதாவது சமய, அற நிறுவனங்களுக்கு நன்கொடை. பி1301 குடும்பப் பராமரிப்பு, அதைப் போட்டால் பொய் சொன்னதாகும். 2023 மார்ச் முதல் அனுப்புபவரின் பெயர், முகவரி, நாடு, தொகை, நோக்கம் எல்லாம் செய்தியிலேயே இருக்கவேண்டும். ஒன்று விட்டாலும் வங்கி அறக்கட்டளையைக் கேட்கும், அறக்கட்டளை உங்களைக் கேட்கும், மூன்று வாரம் போகும். இடைவங்கிக் கட்டணம் பிடிக்காமல் முழுத்தொகையும் சேர, எல்லாக் கட்டணமும் அனுப்புபவருக்கே என்ற தெரிவை எடுங்கள். மாதம் மாதம் ஐம்பது வெள்ளி அனுப்பினால் கட்டணமே தின்றுவிடும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேர்த்து, சபையின் பெயரில் அனுப்புங்கள்.

பிறகு ஆண்டுக் கணக்கைக் கேளுங்கள். அதற்கான எஃப்சி-4 படிவம் டிசம்பர் 31க்குள் தாக்கலாகவேண்டும்.

உண்மையிலேயே இந்தியப் பாஸ்போர்ட், உண்மையிலேயே சொந்தச் சேமிப்பு என்றால் அறக்கட்டளையின் சாதாரணக் கணக்குக்கே அனுப்பலாம். பாஸ்போர்ட் நகலும் சொந்தச் சேமிப்பு என்று ஒரு கடிதமும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். அதுவும் அறக்கட்டளையின் கணக்குக்கு. பாஸ்டரின் கைப்பேசிக்கு இல்லை.

தேக்கா_அண்ணன் | இரவு 11.20
போன வருஷம் கமிட்டித் தேர்தல்ல பொருளாளர் பதவி கிடைக்காததுலேருந்து இவர் இப்படித்தான். சபை எதைச் செஞ்சாலும் படிவம், குறியீடு, பிரிவு. பிள்ளைங்க பசியோட இருக்கிறப்ப எஃப்சி-4 ஊட்டுவீங்களா?

கணக்கப்பிள்ளை | இரவு 11.26
தேர்தலை இழுக்காதீர்கள். இழுத்தால், ஓட்டு எண்ணியது யார் என்பதையும் பேசவேண்டி வரும்.

பிள்ளைகளின் பசிக்கு வருகிறேன். பதிவு ரத்தானால், வெளிநாட்டுப் பணத்தில் உருவான சொத்து, கட்டடம் உட்பட, அரசு குறிக்கிற அதிகாரியின் கைக்குப் போகும். பிள்ளைகளை வேறு இல்லங்களுக்குப் பிரித்து அனுப்புவார்கள், அண்ணன் ஒரு மாவட்டம், தங்கை ஒரு மாவட்டம். 2017 மார்ச்சில் கம்பேஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டே வெளியேறியது. லட்சத்துக்கும் மேல் பிள்ளைகளுக்கு உதவிய அமைப்பு, பணம் உள்ளே வரமுடியாமல் மூடிக்கொண்டு போனது. அவ்வளவு பெரிய அமைப்பின் கதியே அது. உங்கள் நீல ஐசி பிரதர் எந்த மூலைக்கு?

ஈசூன்காரன் | இரவு 11.30
அது அரசியல். எங்க பிரதர் காசு வெளிநாட்டுக் காசே இல்லன்னுதானே ஆரம்பத்துலேருந்து சொல்றேன்.

சிஸ்டர்_செங்காங் | இரவு 11.33
ஜூன் விடுமுறையில இந்தோனேசியாவோட பாத்தாம் தீவுல இருக்கிற இல்லத்துக்குப் போற குழுவுக்கும் இதே கேள்வி கேட்கணும். காலையில ஹார்பர்ஃபிரண்ட்ல படகேறி, பலூன் ஊதி, சிக்கன் ரைஸ் கொடுத்து, பிள்ளைங்களைத் தூக்கி வெச்சுப் படம் எடுத்து, சாயங்காலப் படகுல திரும்புறது. அடுத்த மாசம் வேற சபை, வேற மடி. இல்லங்கள்ல இப்படித் தொண்டூழியம் பண்றதால வர்ற கெடுதலை 2019ல ஐநா பொதுச்சபைத் தீர்மானத்துலயே சொல்லியிருக்காங்க.

தேக்கா_அண்ணன் | இரவு 11.36
பாத்தாம் போறது என் மனைவி நடத்துற குழு. நேரா சொல்லுங்க சிஸ்டர், சுத்தி வளைக்காம.

சிஸ்டர்_செங்காங் | இரவு 11.38
நேராத்தான் சொன்னேன். அந்தப் படகுக் காசை அங்கே நிரந்தரமா ஒரு பராமரிப்பாளர் சம்பளத்துக்குக் கொடுங்க.

அல்ஜூனிட்_வாசகன் | இரவு 11.40
என் கேள்விக்கு யாரும்...

நெல்லைச்சீமை | இரவு 11.41
யாக்கோபு 1:27ஐ வாசிங்க எல்லாரும். திக்கற்ற பிள்ளைகளை விசாரிக்கிறதுதான் பக்தி. அதுல பி1303 எங்க இருக்கு?

கணக்கப்பிள்ளை | இரவு 11.47
அதே வசனத்தின் பின்பாதியையும் வாசியுங்கள், கறைபடாமல் என்று வருகிறதே. எஃப்சிஆர்ஏ பதிவு எண் எங்கே? பத்து மணிக்குக் கேட்டது.

ஈசூன்காரன் | இரவு 11.52
எண் பாஸ்டர்கிட்ட இருக்கு. உங்ககிட்ட எதுக்குக் காட்டணும்? சனிக்கிழமை பிரதர் அனுப்புறார். கொடுக்க விரும்புறவங்க எனக்குத் தனிமடல் போடுங்க, அவர் பேநவ் எண் தர்றேன். நீல ஐசிதான், நானே பார்த்தேன்.

கணக்கப்பிள்ளை | இரவு 11.55
ஐசியைப் பார்த்தீர்கள். பாஸ்போர்ட்டைப் பார்த்தீர்களா?

ஈசூன்காரன் | இரவு 11.58
நீங்க மொதல்ல உங்க தசமபாகத்தைப் பாருங்க.

தேக்கா_அண்ணன் | இரவு 11.59
சிஸ்டர், பாத்தாம் விஷயத்துக்குத் தனி இழை தொடங்கியிருக்கேன். அங்க வாங்க.