புதுப்பிப்பு: அப்பாவின் கிளாக்கோமா அறுவை சிகிச்சை

பல ஆண்டுகள் சொட்டு மருந்து விட்ட கண்ணில் கிளாக்கோமா (கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய்) அறுவை சிகிச்சை பலிக்குமா என்று, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் அப்பாவுக்காக முன்பு கேட்டிருந்தேன். சிகிச்சை முடிந்துவிட்டது. பதில் எழுதியவர்களுக்கு நன்றி.

நிபுணர் முதலில் கவனித்தது சிவந்து கிடந்த விழிவெண்படலத்தைத்தான். பல சொட்டு மருந்துகளில் கெடாமலிருக்கச் சேர்க்கும் பென்சல்கோனியம் குளோரைடு ஆண்டுக்கணக்கில் படும்போது அங்கே அழற்சி செல்கள் பெருகுகின்றன. அப்பாவுக்குச் செய்த டிராபெகுலெக்டமி என்ற அறுவையில் கண்ணின் நீர் வெளியேறப் புது வழி திறக்கிறார்கள். அழற்சி கண்ட படலம் சீக்கிரம் தழும்பு கட்டி அந்த வழியை அடைத்துவிடக்கூடும். புண் ஆறுவதே இங்கே எதிரி!

அதனால் முன்கூட்டியே சொட்டுகளைக் குறைத்து, அழற்சிக்கு ஸ்டீராய்டு சொட்டும் அழுத்தத்துக்கு அசெட்டசோலமைடு மாத்திரையும் கொடுத்தார்கள். மாத்திரையால் விரல் நுனியெல்லாம் ஊசி குத்தியது. பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கைக்கு இந்தக் கதியா என்று சலித்துக்கொண்டார் அப்பா. அறுவையின்போது தழும்பைத் தடுக்க மைட்டோமைசின்-சி என்ற மருந்தை வைத்தார்கள்.

"சொட்டே விஷம், நிறுத்திவிடுங்கள்" என்று எழுதிய அண்ணனுக்கு: நிறுத்தியிருந்தால் பார்வையே போயிருக்கும். பென்சல்கோனியம் சேர்க்காத சொட்டும் உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். அப்பாவின் கண் அழுத்தம் இப்போது 14 மி.மீ. பாதரசம், இயல்பான அளவுதான். கண்ணைக் கசக்காமல் அவரைக் காவல் காப்பதுதான் பெரும்பாடு.